3 வருடத் தண்டனை முடித்தவருக்கு ஓட்டு, பாஸ்போர்ட், வேலை: எது எப்போது திரும்பக் கிடைக்கும்?

கூடல்நகர் கேட்டது

வணக்கம். மதுரையில் மனு எழுதிக் கொடுக்கும் சிறு குழு ஒன்றிலிருந்து கேட்கிறேன். சிறையிலிருந்து வெளியே வந்தவர்கள் ஒரே கேள்வியோடு நாலு அலுவலகம் ஏறி, நாலு விதமான பதிலோடு திரும்புகிறார்கள். ஒருவருடைய விவரத்தை ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றித் தருகிறேன்.

வயது 29, ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன். அடிதடி வழக்கு, இ.த.ச. (இந்திய தண்டனைச் சட்டம்) 326, அதாவது ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம். ஜே.எம். கோர்ட் (நீதித்துறை நடுவர் மன்றம்) 14.3.2019 அன்று 3 வருடக் கடுங்காவலும் 5,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அபராதம் கட்டியாயிற்று. அப்பீல் போகவில்லை. விசாரணைக் கைதியாக இருந்த நாட்களும் தண்டனைக் குறைப்பும் போக, 10.8.2021 அன்று விடுதலை. அதற்கு முன்பு 2017இல் சிட்டி போலீஸ் சட்டம் 75ஆவது பிரிவில் ஒரு அபராதம். வேறு எதுவும் இல்லை.

வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை. "ஜெயிலுக்குப் போனவனுக்கு ஓட்டு கிடையாது" என்று யாரோ சொல்லி அனுப்பிவிட்டார்கள். வளைகுடாவில் எலக்ட்ரீஷியன் வேலைக்குப் பாஸ்போர்ட் வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதலாமா, தனியார் கம்பெனி படிவத்தில் என்ன எழுதுவது, இந்தத் தண்டனையை ஆவணங்களிலிருந்து நீக்க வழி உண்டா? தெரிந்தவர்கள் பிரிவு எண்ணோடு சொன்னால் மற்றவர்களுக்கும் பயன்படும்.

நகல்மனு எழுதியது

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தொழில் செய்பவன் என்ற முறையில், முதலில் காகிதங்களைச் சொல்கிறேன். இவை கையில் இல்லாமல் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் பேச்சு நகராது.

தீர்ப்பின் சான்றிட்ட நகல், அபராதம் கட்டிய ரசீது, சிறைக் கண்காணிப்பாளர் தரும் விடுதலைச் சான்று ஆகிய மூன்றும் வேண்டும். சிறைத் தண்டனை விதித்தால் தீர்ப்பு நகலை அன்றைக்கே இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம், பழைய கு.வி.மு.ச. (குற்ற விசாரணை முறைச் சட்டம்) 363, இப்போது அதற்குப் பதில் வந்த பி.என்.எஸ்.எஸ். 404. அது தொலைந்திருந்தால் நகல் மனு போடுங்கள். சி.சி. எண் (வழக்கு எண்), வருடம், தீர்ப்புத் தேதி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயர் அல்லது எஃப்.ஐ.ஆர். எண் கொடுத்துத் தேடி எடுக்கலாம். தாமதிக்காதீர்கள். முடிந்த வழக்குக் கட்டுகள் ஆவண அறைக்குப் போய், குறித்த காலத்துக்குப் பிறகு அழிக்கப்படும். 2017 அபராதத்துக்கும் எஸ்.டி.சி. எண் (சுருக்க விசாரணை வழக்கு எண்) இருக்கும், அதன் நகலையும் எடுத்து வையுங்கள். ஏன் என்பதைக் கீழே வேறு யாராவது சொல்வார்கள்.

ஓட்டு: அவரிடம் சொன்னது தவறு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 62(5) தடுப்பது சிறைக்குள்ளோ போலீஸ் காவலிலோ இருக்கும் ஆளை மட்டும்தான். வெளியே வந்த அன்றே தடை தீர்ந்தது. ஜாமீனில் இருப்பவரும் ஓட்டுப் போடலாம். லஞ்சம் கொடுத்து ஓட்டு வாங்குவது போன்ற சில தேர்தல் குற்றங்களில் தண்டனை பெற்றவருக்கு மட்டும் பிரிவு 11ஏ-படி 6 வருடம் வாக்குரிமை இல்லை. 326 அந்தப் பட்டியலில் வராது.

பெயர் விடுபட்டதற்குக் காரணம் பெரும்பாலும் தண்டனையாக இருக்காது. சரிபார்ப்புக்கு வந்தபோது ஆள் வீட்டில் இல்லை, "இங்கே குடியிருக்கவில்லை" என்று எழுதி எடுத்திருப்பார்கள். படிவம் 6 கொடுத்துப் புதிதாகச் சேர்க்கலாம். பெயர் பழைய முகவரியில் இன்னும் இருந்தால் படிவம் 6 போடக் கூடாது, முகவரி மாற்றத்துக்கான படிவம் 8தான். இரண்டையும் மாற்றிப் போட்டால் இரட்டைப் பதிவு என்று தள்ளிவிடுவார்கள். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். வாய்மொழி மறுப்பை வைத்துக்கொண்டு மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் முறையிட முடியாது.

ஓட்டுப் போடுவது வேறு, தேர்தலில் நிற்பது வேறு. 2 வருடமோ அதற்கு மேலோ தண்டனை என்றால் பிரிவு 8(3)-படி தண்டனைத் தேதியிலிருந்து, விடுதலைக்குப் பின் 6 வருடம் முடியும்வரை எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தலில் நிற்க முடியாது. இவருக்கு அது 10.8.2027 வரை. தண்டனைக் குறைப்பு கிடைத்து முன்னதாக வந்ததால் "தண்டனையே 3 வருடம் இல்லை" என்று வாதிட முடியாது. குறைப்பு சிறை நாளைக் குறைக்குமே தவிர தீர்ப்பை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 1961லேயே சொல்லிவிட்டது.

பாஸ்போர்ட்டில் அவருக்கு நல்ல செய்தி இருக்கிறது. 1967 பாஸ்போர்ட் சட்டம் 6(2)(இ) மறுக்கச் சொல்வது மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டும்: ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றம், 2 வருடத்துக்குக் குறையாத சிறை, அந்தத் தீர்ப்பு விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 5 வருடத்துக்குள் வந்திருப்பது. எண்ண வேண்டியது தீர்ப்புத் தேதியிலிருந்து. விடுதலைத் தேதியிலிருந்து அல்ல. 14.3.2024 உடன் இவருடைய 5 வருடம் முடிந்துவிட்டது. அடிதடி ஒழுக்கக்கேடா இல்லையா என்ற வாதமே இனித் தேவையில்லை. விண்ணப்பப் படிவமும் கடந்த 5 வருடத்துக்குள் 2 வருடம் அல்லது அதற்கு மேல் தண்டனை பெற்றீர்களா என்றுதான் கேட்கிறது. "இல்லை" என்று எழுதுவது உண்மையான பதில். ஆனால் கேள்வியை முழுக்கப் படிக்காமல் பழக்கத்தில் "இல்லை" என்று டிக் அடிப்பவர்கள் மாட்டுகிறார்கள். தகவலை மறைத்து வாங்கினால் பிரிவு 12-படி அதுவே தனிக் குற்றம்.

சிக்கல் வேறு இடத்தில் வரும். ஸ்டேஷன் கணினியில், அதாவது சி.சி.டி.என்.எஸ்.ஸில், வழக்கு முடிந்ததையே ஏற்றியிருக்க மாட்டார்கள். எஃப்.ஐ.ஆர். நிலுவை என்று காட்டும். போலீஸ் அறிக்கை பாதகமாகப் போகும். பாஸ்போர்ட் அலுவலகம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பும். கடிதம் வந்ததும் பயந்து விட்டுவிடுகிறார்கள், கோப்பு மூடப்படுகிறது. தீர்ப்பு நகல், விடுதலைச் சான்று இரண்டையும் வைத்து, எந்த வழக்கும் நிலுவையில் இல்லை என்று பதில் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். இன்னும் நல்லது, விண்ணப்பிக்கும் முன்பே ஸ்டேஷனுக்கும் எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகக் குற்ற ஆவணப் பிரிவுக்கும் தீர்ப்பு நகலோடு "வழக்கின் முடிவைப் பதிவேற்றுங்கள்" என்று பதிவுத் தபாலில் மனு கொடுத்து, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துவது.

வழக்கு உண்மையிலேயே நிலுவையில் இருப்பவர்களுக்கு வழி வேறு. 25.8.1993 தேதியிட்ட ஜி.எஸ்.ஆர். 570(இ) அறிவிக்கையின்படி விசாரணை நீதிமன்றத்தில் அனுமதி வாங்க வேண்டும். உத்தரவில் எத்தனை வருடத்துக்கு என்று எழுதப்படாவிட்டால் 1 வருடப் பாஸ்போர்ட்தான் கிடைக்கும். அதனால் மனுவின் வேண்டுகோளிலேயே காலத்தைக் கேளுங்கள்.

மேற்பார்வை எழுதியது

நன்னடத்தை அலுவலராகப் பணியில் இருந்தவன். தண்டனையை நீக்க முடியுமா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் அதிகமான பொய் நம்பிக்கை விற்கப்படுகிறது. "ரெக்கார்டை அழித்துத் தருகிறோம்" என்று பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். வயது வந்தவரின் தண்டனை இத்தனை வருடம் ஆனால் தானாக மறையும் என்று சொல்லும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. இங்கிலாந்தில் 1974 முதல் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. நமக்கும் வர வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். அதுவரை இருப்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இருப்பது 1958ஆம் வருட நன்னடத்தைச் சட்டம். பிரிவு 3-படி கண்டித்து விடலாம். பிரிவு 4-படி 3 வருடத்துக்கு மேற்படாத பத்திரம் எழுதி வாங்கி விடலாம். இந்த இரண்டு வகையில் விடப்பட்டவருக்கு, தண்டனையால் வேறு எந்தச் சட்டத்தின்கீழும் வரக்கூடிய தகுதியிழப்பு வராது என்று பிரிவு 12 சொல்கிறது. ஆள் குற்றவாளி என்ற முடிவு நிற்கும், அதன் வால் மட்டும் வெட்டுப்படும்.

துயரம் என்னவென்றால், இதைக் கேட்க வேண்டிய நேரத்தில் யாரும் கேட்பதில்லை. குற்றவாளி என்று அறிவித்துவிட்டு "தண்டனை பற்றி என்ன சொல்கிறாய்" என்று நீதிபதி கேட்கும் அந்தச் சில நிமிடம்தான் நேரம். "வயதான அம்மா இருக்காங்கய்யா, பார்த்துச் செய்யுங்க" என்று மட்டும் சொன்னால் தண்டனை கொஞ்சம் குறையலாம். பிரிவு 4 என்று பெயர் சொல்லி, எழுத்தில் மனுவாகக் கொடுத்து, நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்கச் சொல்ல வேண்டும். அறிக்கைக்காக அலுவலர் வீட்டுக்கு வருவார், அக்கம்பக்கம் விசாரிப்பார், வேலை பார்க்கும் இடத்தில் கேட்பார். நிலையான இருப்பிடமோ ஒழுங்கான தொழிலோ அந்த ஊரில் இருக்க வேண்டும், அவருக்கு இல்லாவிட்டால் ஜாமீன்தாரருக்காவது. வாடகை ஒப்பந்தம், ரேஷன் கார்டு, முதலாளியின் கடிதம் ஆகியவற்றைக் குடும்பம் முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். வாடகைக்கு இருக்கிறவர்கள் விசாரணை முடிவதற்குள் வீடு மாறிவிடுவார்கள். அலுவலர் பழைய வீட்டுக்குப் போய் "ஆள் இல்லை" என்று எழுதினால் அதோடு போயிற்று. வீடு மாறினால் வக்கீலிடம் அன்றே சொல்லுங்கள்.

21 வயதுக்குக் குறைந்தவருக்கு பிரிவு 6 இன்னும் வலுவானது. சிறைக்கு அனுப்புவதென்றால் நீதிபதி காரணம் எழுத வேண்டும், அதற்குமுன் அறிக்கை கேட்டே ஆக வேண்டும். வயதைக் கணக்கிடுவது குற்ற நாளில் அல்ல, விசாரணை நீதிமன்றம் குற்றவாளி என்று முடிவு செய்யும் நாளில். வாய்தா வாங்கி வாங்கி 21 தாண்டிய பையன்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகிறது. இளம் வயதினர் வழக்கில் காலம் கடத்துவது நன்மை என்று நினைக்கும் வக்கீல்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்போது கேட்ட வழக்கு. 326க்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம், அதனால் பிரிவு 4 பொருந்தாது. 325 (கொடுங்காயம்), 324 (ஆயுதத்தால் சாதாரணக் காயம்) என்றால் பொருந்தும். கஞ்சா வழக்குகளிலும் கதவு அநேகமாக மூடியதே: போதைப்பொருள் சட்டம் பிரிவு 33-படி 18 வயதுக்குக் குறைந்தவருக்கும், பிரிவு 26, 27இல் தண்டனை பெற்றவருக்கும் மட்டும் விலக்கு.

அப்பீலில் 326ஐ 325 அல்லது 324 ஆகக் குறைக்க இடமிருந்தால், அந்த நீதிமன்றமும் நன்னடத்தைச் சட்டத்தைப் பயன்படுத்தலாம், பிரிவு 11. செஷன்ஸ் கோர்ட்டுக்கு அப்பீல் போக 30 நாள்தான் கெடு. தண்டனை முழுக்க அனுபவித்து முடித்தவரும் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனு போடலாம். ஆனால் சிறையில் இருந்த காலத்துக்கு விளக்கம் இருக்கிறது. 2021 ஆகஸ்டுக்குப் பிறகான காலத்துக்கு என்ன விளக்கம்? காயச் சான்றிதழைப் பாருங்கள். எலும்பு முறிவு எக்ஸ்ரேயில் உறுதியாகியிருக்கிறதா, ரேடியாலஜிஸ்ட் சாட்சி சொன்னாரா? கொடுங்காயம் என்பதே நிரூபிக்கப்படாத வழக்குகள் நிறைய. அப்படி இருந்தால் மட்டும் செலவு செய்யலாம். இல்லையென்றால் பணத்தையும் நம்பிக்கையையும் இதில் போட வேண்டாம் என்பேன்.

பணியாளர்பிரிவு எழுதியது

வேலைக்கு ஆள் எடுக்கும் பக்கத்திலிருந்து சொல்கிறேன். தண்டனையால் போகும் வேலைகளைவிட, அதை மறைத்ததால் போகும் வேலைகள் அதிகம்.

அரசு வேலைக்கு அடிப்படை, அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 21.7.2016 அன்று கொடுத்த தீர்ப்பு. கேட்ட தகவலை உண்மையாகக் கொடுக்க வேண்டும். சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால் அதிகாரி மன்னிக்கலாம். அற்பமல்லாத தண்டனையை மறைத்தால் நியமனத்தை ரத்து செய்யலாம். உண்மையைச் சொன்னாலும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் எல்லாவற்றையும் பரிசீலிக்க வேண்டும். படிவம் தெளிவாகக் கேட்காததைச் சொல்லவில்லை என்று தண்டிக்கக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது, ஆகவே படிவத்தின் நகல் ஒன்றை எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள்.

"கைது செய்யப்பட்டீர்களா", "வழக்கு நிலுவையில் உள்ளதா", "தண்டிக்கப்பட்டீர்களா" என்பவை மூன்று தனிக் கேள்விகள். அந்த 75 கேஸ் இங்கேதான் கடிக்கும். ராத்திரி ரோட்டில் சத்தம் போட்டதற்குப் பிடித்து, காலையில் கோர்ட்டில் "ஒத்துக்கிறேன்" என்று சொல்லி அபராதம் கட்டி வந்தது, ஆளுக்கு அபராதமாகத்தான் ஞாபகம் இருக்கும். சட்டப்படி அது குற்றத்தை ஒப்புக்கொண்ட தண்டனை. படிவத்தில் 326ஐ எழுதி 75ஐ விட்டால் மறைத்ததாகவே எடுப்பார்கள். இரண்டையும் வழக்கு எண், நீதிமன்றம், தேதியோடு எழுதுங்கள்.

குரூப் 4 எழுதத் தடை இல்லை. குணம், முன்வரலாறு பார்க்கும் கட்டத்தில் நியமன அதிகாரி முடிவு செய்வார். போலீஸ் வேலை வேறு. தமிழ்நாட்டுக் காவல் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனைக் கொடுத்தோ புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சியானதாலோ விடுதலையானவரையே வழக்கில் சம்பந்தப்பட்டவராகக் கருதும் விளக்கம் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2008இல் அதை ஏற்றது. அவரை யூனிஃபார்ம் வேலைப் பக்கம் அனுப்பி ஏமாற்றம் தர வேண்டாம்.

"ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றமா" என்று கேட்கும் படிவங்களுக்கு: எல்லா அடிதடியும் அதில் சேராது. ஸ்டேட் வங்கி ஊழியர் ஒருவர் வழக்கில் 26.4.2019 அன்று உச்ச நீதிமன்றம் 324இல் தண்டனை பெற்றவர் விஷயத்தில் அப்படித்தான் சொன்னது. 326க்கு அது அப்படியே பொருந்தும் என்று எழுதிவிடாதீர்கள்; எந்தச் சூழலில், எந்த ஆயுதத்தால், என்ன காயம் என்பதைப் பார்த்து முடிவாகும்.

தனியாரில், கேட்காதவரை சொல்ல வேண்டும் என்று பொதுவான சட்டம் இல்லை. கேட்டால் பொய் சொல்லக் கூடாது. பின்னணி சரிபார்க்கும் கம்பெனிகள் இ-கோர்ட்ஸில் பெயர் போட்டுத் தேடுகின்றன. அதில் வரும் தவறு, பெயரும் அப்பா பெயரும் ஒத்துப்போகும் வேறு ஆளின் வழக்கை ஒட்டிவிடுவது. அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி எண்) ஒப்பிட்டு மறுக்கலாம். நேர்காணலில் நாலு வரி போதும்: வழக்கு எது, தண்டனை எவ்வளவு, எப்போது முடிந்தது, அதற்குப் பின் என்ன வேலை. கூடவே தீர்ப்பு நகல். குற்றத்துக்கு நியாயம் சொல்ல ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் தயங்குகிறார்.

அவர் எலக்ட்ரீஷியன் என்பது பெரிய பலம். சொந்தமாக வயரிங் வேலை எடுத்துச் செய்ய, உத்யம் பதிவுக்கு (சிறுதொழில் பதிவு) ஆதாரும் பான் எண்ணும் போதும். அங்கே தண்டனை பற்றிய கேள்வியே இல்லை. செக்யூரிட்டி வேலை சுலபம் என்று பலர் அனுப்புகிறார்கள். 2005ஆம் வருடத் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி அந்த வேலைக்குத்தான் முன்வரலாறு சரிபார்ப்பு கட்டாயம்.

கூடல்நகர் எழுதியது

மூவருக்கும் நன்றி. காயச் சான்றிதழைத் தேடுகிறோம். இரண்டு உபரிக் கேள்வி. ஸ்டேஷனில் அவர் பெயரில் ஹிஸ்டரி ஷீட் திறந்திருக்கிறார்கள்; தேர்தல், திருவிழா என்றால் வீட்டுக்கு வந்து கூப்பிடுகிறார்கள். அதை மூட முடியுமா? அவருடைய தம்பிக்கு 16 வயதில் ஒரு திருட்டு வழக்கு, இளைஞர் நீதிக் குழுமத்தில் முடிந்தது. அவனும் போலீஸ் சரிபார்ப்பில் மாட்டுவானா?

நகல்மனு எழுதியது

ஹிஸ்டரி ஷீட் நீதிமன்றத் தண்டனை அல்ல, காவல் நிலையாணையின்படி வைக்கும் கண்காணிப்புப் பதிவேடு. ஆயுசுக்கும் வைக்க அதிகாரம் இல்லை. காலம் முடிந்தபின் நீட்டிக்க வேண்டுமானால் மேலதிகாரி காரணத்தோடு உத்தரவு போட வேண்டும். நடைமுறையில் காரணமே இல்லாமல் "தொடரலாம்" என்று வருடா வருடம் எழுதிவிடுகிறார்கள்.

முதலில் துணைக் கமிஷனருக்கு, ஊர்ப்புறம் என்றால் டி.எஸ்.பி.க்கு, மனு. 10.8.2021க்குப் பின் எந்த வழக்கும் இல்லை, இந்த இடத்தில் இந்த வேலை செய்கிறார், பதிவேட்டை முடிக்கவும் என்று. ஒப்புகை அட்டை வந்து, நியாயமான அவகாசம் கொடுத்தும் பதில் இல்லையென்றால் அரசியலமைப்பு 226இன்கீழ் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு. கடைசி வழக்குக்குப் பின் நீண்ட இடைவெளியும், காரணம் எழுதாத நீட்டிப்பும் இருந்தால் ஷீட்டை மூடச் சொல்லும் உத்தரவுகள் வந்திருக்கின்றன. நடுவில் ஒரு 75 கேஸ் விழுந்தாலும் வாதம் பலவீனமாகும். "போய் ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டு வா" என்ற ஆலோசனையை இனி அவர் கேட்கவே கூடாது. வக்கீல் செலவுக்கு வழியில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். உயர் நீதிமன்றத்துக்கும் அவர்களுக்குத் தனிக் குழு உண்டு.

மேற்பார்வை எழுதியது

தம்பி விஷயத்தில் சட்டம் முழுக்க அவன் பக்கம். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 24: குழுமத்தில் முடிந்த வழக்கால் எந்தத் தகுதியிழப்பும் இல்லை, மேல்முறையீட்டுக் காலத்துக்குப் பின், விதிகள் சொல்லும் கால அளவில் ஆவணங்களை அழிக்க வேண்டும். பிரிவு 74(2): முடிந்துபோன வழக்கை நன்னடத்தைச் சான்றுக்காகப் போலீஸ் வெளியிடக் கூடாது. விலக்கு ஒன்றுதான்: 16 வயது நிரம்பியவரைக் கொடுங்குற்றத்துக்காகக் குழந்தைகள் நீதிமன்றம் வயது வந்தவரைப் போல விசாரித்துக் குற்றவாளி என்று முடிவு செய்த வழக்கு. சாதாரணத் திருட்டு அதில் வராது.

ஆனாலும் கணினியில் பெயர் கிடந்தால் சரிபார்ப்பில் வந்துவிடும், சட்டம் தெரியாத காவலர் எழுதிவிடுவார். குழும உத்தரவின் நகலை வாங்கி, பதிவை நீக்கச் சொல்லிக் குழுமத்திலேயே மனு போட்டு, அந்த உத்தரவை ஸ்டேஷனுக்கும் குற்ற ஆவணப் பிரிவுக்கும் சேர்ப்பியுங்கள். அவன் வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

பணியாளர்பிரிவு எழுதியது

இணையத்தில் கிடக்கும் தீர்ப்புகள் பற்றியும் ஒரு தகவல். விடுதலையான ஒருவர் தீர்ப்பிலிருந்து தன் பெயரை மறைக்கக் கேட்ட வழக்கில், மதுரைக் கிளையின் தனி நீதிபதி 2021இல் மறுத்தார். டிவிஷன் பெஞ்ச் 27.2.2024 அன்று மறைக்கச் சொன்னது; அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் நிறுத்தி வைத்தது. அதுவும் விடுதலையானவரின் வழக்கு. தண்டனை பெற்றவர் இதை நம்பி இப்போது மனு போட வேண்டாம்.

வளைகுடா ஏஜென்டிடம் முன்பணம் கொடுக்கும் முன், அந்த நாட்டு விசாவுக்குப் போலீஸ் சான்று வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் கிடைப்பதால் அந்தச் சான்றும் சுத்தமாகக் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. சான்றுக்கு முதலில் விண்ணப்பித்து, கையில் வந்தபின் பணம் கொடுக்கச் சொல்லுங்கள்.